கழுத்துக் குழாயில் குங்குமம்

தெரிந்தே கொடுத்தான் தம்பி. தெரியாமல் செய்திருந்தால், போகட்டும், அவனும் மனுஷன்தானே என்று விட்டிருப்பேன். அந்த ஆள் தெரிந்தே கொடுத்தான். கொடுக்கும்போது அவன் கை நடுங்கியதை நானே பார்த்தேன். நல்ல சரக்கைக் கொடுக்கிறவனுக்குக் கை எதற்கு நடுங்க வேண்டும், நீங்களே சொல்லுங்க.

பேரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் என் வாய்தான் கெடும். கோயமுத்தூரில் பழைய ஃபாரின் சைக்கிள் விற்கிற ஆள். கண்ணாடி போட்டிருப்பான், பேச்செல்லாம் பஞ்சு மாதிரி இருக்கும். அந்தப் பேச்சில்தான் மாட்டுவோம்.

அந்த பஸ் ஜன்னல் ஷட்டரைக் கொஞ்சம் அழுத்திப் பிடிச்சுக்குங்க தம்பி. டிக் டிக்கென்று ஆடுது. இந்த ஒரு வாரமாக அந்த மாதிரிச் சத்தம் எனக்கு ஆகவே மாட்டேங்குது.

கோத்தகிரிக்குத்தானே போறீங்க? சைக்கிள் ரேஸுக்கா? நல்லதாப் போச்சு. என் பொண்ணு வினோதினி அதில்தான் ஓட்டுகிறாள். நேற்றே மேலே போய்விட்டாள். டீத் தோட்டத்து உச்சியிலிருந்து கீழே வரை இறக்கம், நடுவில் படிக்கட்டு மாதிரி பாறை, அதில் குதித்து இறங்க வேண்டும். நீங்களும் ஓட்டுகிற ஆளா? இல்லையா? ஆம்புலன்ஸ் டூட்டியா. சரி சரி. அதுவும் வேணும்தானே. பசங்க கையைக் காலைச் சிராய்த்துக்கொள்வார்கள். உங்களுக்குப் பெரிய வேலை இருக்காது.

நான் மேட்டுப்பாளையம் கிழங்கு மண்டி. சின்ன வயதில் மூட்டை தூக்க வந்தவன். இன்றைக்கு அதே மண்டியில் நான் தலையை ஆட்டினால்தான் ஏலம் முடியும். பள்ளிக்கூடம் போகவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். விற்கிறவன் வாயைப் பார்க்க மாட்டேன், சரக்கைப் பார்ப்பேன். மூட்டையின் வாயில் முதல் ரகமாக அடுக்கியிருப்பான். அடியில் கையை விட்டு ஒன்றை உருவி, நகத்தால் கீறிப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது தெரியும்.

இதைக்கூட அடிபட்டுத்தான் படித்தேன். வியாபாரத்தில் இறங்கின புதுசு. ஒரு தோட்டக்காரர், வெள்ளை வேட்டி, பெரிய மனுஷன், என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அந்தக் குவியல் உனக்கு வேண்டாம்ப்பா. உள்ளே கருத்திருக்கு. நீ இதை எடுத்துக்கோ" என்றார். அப்பன் மாதிரி சொல்கிறாரே என்று நம்பினேன். மறுநாள் அந்தக் குவியல் லாரி ஏறிக் கேரளாவுக்குப் போனது. அதில் ஒரு கிழங்கு கருக்கவில்லை. நான் எடுத்ததுதான் மூட்டையோடு நாறியது. அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். விற்கிறவன் ஒரு சரக்கைக் காட்டி 'உங்களுக்கு வேண்டாம்' என்றால், அதற்கு வேறு பார்ட்டி வைத்திருக்கிறான்.

இதைத்தான் அந்தக் கோயமுத்தூர்க்காரன் என்னிடமே செய்து பார்த்தான்.

வினோ காலேஜில் சேர்ந்ததிலிருந்து இந்த மலை சைக்கிள் பைத்தியம். யார் யாருடைய வண்டியையோ இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தாள். இனிமேல் இரவல் வண்டி வேண்டாம் கண்ணு, அப்பா வாங்கித் தருகிறேன் என்றேன். முழு வண்டியாக வாங்கினால் விலை அதிகம், ஃப்ரேமையும் ஃபோர்க்கையும் தனியாக எடுத்து மற்றதை இரவலாகக் கோர்த்துக்கொள்ளலாம் என்று அவளே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். ஃபோர்க் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். முன் சக்கரத்தைப் பிடித்திருக்கிற இரண்டு கால். உள்ளே காற்றும் எண்ணெயும் இருக்கும். பாறையில் குதித்தால் அந்தக் கால் மடங்கி அடியை வாங்கிக்கொள்ளும்.

கடைக்குள் போவதற்கு முன்னாலேயே அவளுக்குச் சொல்லிவிட்டேன். "உள்ளே வாயைத் திறக்கக் கூடாது. பிடிச்சிருந்தாலும் முகத்துல காட்டக் கூடாது. அப்பா பார்த்துக்கறேன்." மண்டிக்கு வருகிற எவனும் பெண்டாட்டி பிள்ளையைப் பேச விடமாட்டான். அவர்கள் ஆசைப்பட்டு ஒரு வார்த்தை சொன்னால் விலை ஏறிவிடும்.

ஃப்ரேம் சுலபமாக முடிந்தது. நீலக் கலர். ஒரு விரலில் தூக்கலாம், அவ்வளவு லேசு. வினோவின் கண் அதன்மேல் போய் நின்றது. நான் அதைப் பிடிக்காதவன் மாதிரித் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பாதிக்கு அடித்து வாங்கினேன். அப்புறம் ஃபோர்க். அலமாரியில் இரண்டு இருந்தது. ஒன்று பொடிசு. இன்னொன்று நீளம், கனம், கால் இரண்டும் வாழைத்தண்டு மாதிரி. அவன் பொடிசை எடுத்துக் கையில் கொடுத்தான்.

"இந்த ஃப்ரேமுக்கு இதுதானுங்ணா. நூறு மில்லிமீட்டர் மடங்கும். அதுக்கு மேல ஏத்தக் கூடாது."

"அந்தப் பெருசு?"

"அது நூத்தி அறுபது. அது வேற மாதிரி வண்டிக்குங்ணா. உங்களுக்கு வேண்டாம்."

வேண்டாம் என்றான், கேட்டீங்களா. எனக்குக் காது சூடாகிவிட்டது. கிழங்கானாலும் இரும்பானாலும் பெருசுதானே தம்பி முதல் ரகம். பொடிசை என் தலையில் கட்டிவிட்டுப் பெருசை எவனுக்கோ ஒளித்து வைக்கிறான்.

"ரெண்டும் இந்த ஓட்டையில போகுமா, போகாதா?" என்றேன்.

"போகும். போறதுதானுங்ணா பிரச்சனை. மாட்டிப் பார்த்தா நல்லாத்தான் தெரியும். ஆனா இந்த ஃப்ரேம் குட்டைக் காலுக்குன்னு செஞ்சது. நீளமான காலை மாட்டிக் குதிச்சா, அடி மொத்தமும் கழுத்துக்கு வரும். இதோ, ஹேண்டில் சொருகுற இந்தக் குழாய். கடப்பாரையை விட்டு நெம்புற மாதிரி நெம்பும். ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் வெல்டிங்குல விட்டுடும்."

"கடப்பாரை கதை எனக்கு எதுக்கு? விலையைச் சொல்லுப்பா."

"விலைக்கு இல்லைங்ணா. இந்த ஃப்ரேமோட சேர்த்து நான் கொடுக்க மாட்டேன்."

வினோ சும்மா இருந்திருக்கலாம். "அப்பா, அவர் சொல்றது சரிதான்ப்பா. நானும் படிச்சிருக்கேன்" என்று ஆரம்பித்தாள். அவள் காலை என் காலால் ஒரு மிதி மிதித்தேன். அதற்கப்புறம் அவள் பேசவில்லை. நல்ல பொண்ணு.

வழக்கம்போல எழுந்து வெளியே வந்தேன். மண்டியில் அப்படித்தான். வாசலைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிடுவான். இவன் கூப்பிடவில்லை. தெருமுனை வரை போய்த் திரும்பிப் பார்த்தேன், உள்ளே நிம்மதியாகத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்னைப் போக விட்டுவிட்டு ஒருத்தன் நிம்மதியாக இருக்கிறான் என்றால் அந்தச் சரக்குக்கு எவ்வளவு பெரிய பார்ட்டி வந்திருக்க வேண்டும். எனக்கு வெறி வந்துவிட்டது.

திரும்பிப் போய்க் கத்தினேன். மறைக்க என்ன இருக்கு, கத்தத்தான் செய்தேன். கிழங்கு விற்கிறவன் என்றால் உனக்கு அவ்வளவு இளக்காரமா, படித்தவன் வந்து கேட்டிருந்தால் கொடுத்திருப்பாய் அல்லவா என்றேன். டீக்கடையில் நின்றவர்கள் எல்லாம் வாசலில் கூடிவிட்டார்கள். அவனுக்கு வேர்த்தது. கடைசியில் பெருசை எடுத்து வைத்தான். அப்போதுதான் கை நடுங்கியது. அதோடு விடவில்லை. பொடிசையும் ஒரு சாக்கில் சுற்றி என்னிடம் நீட்டினான்.

"இதுக்குக் காசு வேண்டாம். உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன், இதை மாட்டுங்க. பெருசை வீட்டுல அழகுக்கு வெச்சுக்குங்க."

கொசுறு. மார்க்கெட்டில் எல்லாரும் கறிவேப்பிலைதான் கொசுறு வாங்குவார்கள். ஒரு ஃபோர்க்கையே கொசுறாக வாங்கினவன் நான் ஒருத்தன்தான். இன்றைக்கும் மண்டியில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மாட்டினதும் வண்டியைப் பார்க்க வேண்டுமே. முன்பக்கம் நிமிர்ந்து, சேவல் நெஞ்சை நிமிர்த்தின மாதிரி. காளியம்மன் கோயில் வாசலில் நிறுத்திச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டோம். என் வீட்டுக்காரி அந்தக் கழுத்துக் குழாயில் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, குங்குமம் வைத்தாள். அப்படியே போட்டோ எடுத்து மண்டி வாசலில் பேனர் அடித்துக் கட்டினேன். என் பொண்ணும் வண்டியும். பக்கத்தில் சின்னதாக நான். நாலு கடை தள்ளி நின்றாலும் தெரியும்.

ஒரு வாரம் ஓட்டியிருப்பாள். "அப்பா, முன்னாடி தூக்கிட்டு நிக்குதுப்பா. திருப்பினா ஒரு பக்கமா விழுது. அந்தச் சின்னதைக் கொடுங்க, மாத்திப் பார்க்கறேன்" என்றாள்.

"அதைக் குன்னூர் பார்ட்டிக்கு வித்தாச்சு கண்ணு" என்றேன். சும்மா வந்ததை நல்ல விலைக்கு விற்றிருக்கிறேன், அவளும் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். ஹேண்டிலைப் பிடித்து ஒரு தடவை திருப்பிப் பார்த்தாள். "சரிப்பா" என்றாள். அவ்வளவுதான். வளைந்து கொடுத்து ஓட்டப் பழகிக்கொண்டாள். என் ரத்தம்.

அப்புறம்தான் இந்தச் சத்தம் வந்தது. பிரேக் பிடித்தால் டிக். மேட்டிலிருந்து இறங்கினால் டிக். முதலில் அவளுக்கு மட்டும் கேட்டது. அப்புறம் எனக்கு. அப்புறம் வாசலில் அவள் வண்டியைத் திருப்பினாலே சமையல்கட்டில் இருக்கிற அவள் அம்மாவுக்குக் கேட்டது. பார்த்தீங்களா, நான் சொன்னது. உள்ளே என்னமோ விட்டுப்போன ஃபோர்க்கைத்தான் என் தலையில் தள்ளியிருக்கிறான்.

போன வாரம் வண்டியைக் கழுவினாள். சந்தனமெல்லாம் போய்விட்டது. குங்குமம் மட்டும் போகவில்லை. அந்தக் கழுத்துக் குழாய்க்கு அடியில், வெல்டிங் ஓரமாக, முடி மாதிரி ஒரு சிவப்புக் கோடு. அரைவட்டமாகச் சுற்றிப் போகிறது. அவள் அம்மா ஈரத்துணியால் தேய்த்தாள். எண்ணெய் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை. நான் நகத்தால் கீறிப் பார்த்தேன். நகம் மாட்டியது.

என்ன தம்பி? ஆமாம், மாட்டியது. பெயிண்ட் வெடித்திருக்கும், அதில் குங்குமம் இறங்கியிருக்கும். அம்மன் போட்ட கோடு கண்ணு, இருக்கட்டும், உன்னைக் காப்பாத்தும் என்றேன். வினோ குனிந்து அந்தக் கோட்டைப் பார்த்தாள். போனை எடுத்து அதைப் போட்டோ பிடித்து யாருக்கோ அனுப்பினாள்.

யாருக்கு என்று மறுநாளே தெரிந்துவிட்டது. ஏலம் நடந்துகொண்டிருக்கிறது, அந்தக் கோயமுத்தூர்க்காரன் மண்டிக்குள் வந்து நிற்கிறான். மூட்டைகளுக்கு நடுவே நிற்கக்கூடத் தெரியவில்லை அவனுக்கு.

"வண்டியைக் கொடுத்துடுங்ணா. நீங்க கொடுத்த பணம் முழுசும் கொண்டுவந்திருக்கேன்."

உங்களுக்கு வியாபாரம் தெரியாது, அதனால் சொல்கிறேன். விற்ற சரக்கைத் தேடிவந்து முழுப் பணத்தையும் திருப்பிக் கொடுக்கிறேன் என்று ஒருத்தன் சொன்னால் அதில் என்ன இருக்கிறது? பெரிய பார்ட்டி சிக்கியிருக்கிறான். சோதித்துப் பார்க்கலாம் என்று, "ரெண்டு மடங்கு கொடு, தர்றேன்" என்றேன்.

"சரிங்ணா. சாயங்காலத்துக்குள்ள புரட்டிட்டு வர்றேன்" என்றான்.

சரி என்கிறான். பேரமே பேசாமல் சரி என்கிறான். அப்படியென்றால் அது மூன்று மடங்கு போகும். என் ஆட்கள் நாலு பேரை விட்டு வெளியே தள்ளச் சொன்னேன். போகும்போதும் கத்திக்கொண்டே போனான். "ஃபோர்க் நல்லாத்தான் இருக்கு, கழுத்துதான் போயிருச்சு, அந்தப் புள்ளையை ஏத்தாதீங்க, ஏத்தாதீங்க" என்று. ஃப்ரேம் போயிற்று என்றால் அடுத்து என்ன? புது ஃப்ரேம் வாங்கு என்பான். இன்னொரு வியாபாரம்.

வீட்டுக்கு வந்தால் வினோ கேட்கிறாள், "இந்த வருஷம் ஓட்டலைன்னா என்னப்பா?" மண்டி வாசலில் பேனர் தொங்குது கண்ணு என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். திட்டவில்லை. அடிக்கவில்லை. அவளும் எதிர்த்துப் பேசவில்லை. நேற்றுக் கிளம்பும்போது மட்டும் வாசலில் நின்று, "படிக்கட்டுப் பாறையில இறங்கும்போதுதான்ப்பா முன்னாடி அடி விழும்" என்றாள். என்னிடம் கேட்கிறாளா, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறாளா தெரியவில்லை. தைரியமாப் போ என்றேன்.

ஷட்டர், தம்பி. கையை எடுத்துட்டீங்க பாருங்க.

இன்றைக்குக் காலையில் என்ன ஆச்சு தெரியுமா? பஸ் ஸ்டாண்டில் நான் இந்த பஸ்ஸுக்கு நிற்கிறேன். ஸ்கூட்டரில் வந்து நிற்கிறான் அவன். பின்னால் சாக்கில் சுற்றி என்னமோ கட்டியிருக்கிறான், நீளமாக. ராத்திரி தூங்காத முகம்.

"ஏறுங்ணா. பஸ் போறதுக்குள்ள நாம போயிடலாம். அந்தப் புள்ளைக்கு ராத்திரியிலிருந்து போன் போடறேன், மேல டவர் இல்லை. பொண்ணுங்களைத்தான் முதல்ல விடறாங்களாம். ரெண்டு பேரும் போய் நிறுத்திடலாம். இது வேற ஃப்ரேம், நான் அங்கேயே மாத்திக் கொடுத்துடறேன், ஒரு பைசா வேண்டாம்."

என் பொண்ணை ஓட விடாமல் நிறுத்த இவன் யார்? ஊரே பார்க்க அவள் ஜெயிக்கப் போகிற நேரத்தில், ஏதோ பழைய சரக்கைத் தூக்கிக்கொண்டு போய் அவள் மனசைக் கலைக்கப் பார்க்கிறான். "நீ போக வேண்டாம்" என்றேன். "நீங்க வராட்டிப் பரவால்லை, நான் போறேன்" என்று வண்டியை முறுக்கினான். எனக்குக் கோபம் வந்தால் கை சும்மா இருக்காது. எட்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். பஸ்ஸும் கிளம்பியது. ஏறிவிட்டேன். அவன் பஸ்ஸின் பக்கவாட்டில் தட்டிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடிவந்தான். அழுதான் என்று நினைக்கிறேன். கண்ணாடி போட்டிருந்ததால் சரியாகத் தெரியவில்லை.

இதோ சாவி. சட்டைப்பையில் நெஞ்சில் குத்திக்கொண்டே இருக்கிறது.

ஏன் தம்பி இப்படிப் பார்க்கறீங்க? யாருக்குப் போன் போடறீங்க? கிடைக்காது. குஞ்சப்பனை தாண்டினால் மேலே போய்ச் சேரும் வரை டவரே இருக்காது. போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினாலும் கிடைக்காது. பொண்ணுங்க ரேஸ் எப்போது என்று கேட்கறீங்களா? முதல் ஆட்டமே அவர்கள்தான். இந்த பஸ் போய்ச் சேரும்போது ஆரம்பித்திருக்கும். ஆமாம், ஆம்புலன்ஸ் ஆள் நீங்க போகாமலே ஆரம்பித்துவிடுவார்களா? அங்கே வேறு ஆம்புலன்ஸ் இருக்கிறதா? இருக்கிறதல்லவா. அப்புறம் என்ன.

எங்கே எழுந்து போறீங்க? டிரைவரிடம் என்ன சொல்றீங்க தம்பி? சீக்கிரம் போகச் சொல்லுங்க, நல்லதுதான், எனக்கும் பார்க்க வேண்டும். அவள் அந்தப் பாறையில் குதித்து இறங்குகிறதை நான் பார்க்க வேண்டும். முன்னால் லாரி போகிறதா? இந்த வளைவில் ஒதுங்க மாட்டான். ஹாரன் அடிக்கச் சொல்லுங்க.

அந்த ஷட்டரை யாராவது பிடிங்களேன்.

நான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன்? காசு கேட்டேனா? கொடுத்த பணத்தைக்கூடக் கேட்கவில்லை. அந்தக் கோயமுத்தூர்க்காரன் தன் கையால் கொடுத்த சரக்கு. கொடுக்கும்போதே அவனுக்குத் தெரியும். தெரிந்தவன்தானே வந்து சரி பண்ண வேண்டும்? வண்டி இல்லை என்று சாக்குச் சொல்லக் கூடாது. நடந்து வரட்டும், லாரியைப் பிடித்து வரட்டும், எவன் காலிலாவது விழுந்து வரட்டும். இத்தனை நாளாக வாயால் சொன்னது போதும். அவள் அந்தப் பாறைக்கு வருவதற்கு முன்னால் அவன் மேலே வந்து, என் கண்முன்னால், தன் கையாலேயே அந்தச் சத்தத்தை நிறுத்திக் கொடுக்கட்டும்.